நாலு பேர் பணமும் இஸ்ரவேல் பெயரும்

கோவில்பட்டியில் பசுவந்தனை சாலையோரம் இருக்கிற சிறிய ஆலயத்தில் இஸ்ரவேல் இருபத்தாறு வருடமாகக் கோயில்குட்டி. மணி அடிக்க வேண்டும், பெஞ்சு துடைக்க வேண்டும், கல்யாணம் என்றால் பாய் விரிக்க வேண்டும், சாவு என்றால் கல்லறைத் தோட்டத்துச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு அவருக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் வேதபுத்தகமும், பாட்டுப்புத்தகமும், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர்களும்தான்.

அவருடைய நேர்மையைப் பற்றித் தெருவில் ஒரு கதை சொல்லுவார்கள். ஒருதரம் ஆராதனை முடிந்து பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று கிடந்தது. இஸ்ரவேல் அதைக் குருவானவரிடம் காட்டி, சபையில் அறிவிக்கச் சொன்னார். முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஏழு பேர் ஆகிவிட்டார்கள். ஏழு பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஏழு பேரும் காணிக்கை போடுகிறவர்கள். இதில் யாரைப் பார்த்துப் பொய் சொல்லுகிறாய் என்று கேட்பது? இஸ்ரவேல் கைக்காசு முந்நூறு ரூபாய் சேர்த்து ஏழு பேருக்கும் ஆளுக்கு ஐம்பதாகக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி ஜெயஷீலா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்படி பேசினாள்.

ஜெயஷீலா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்த்தவள். ஒரு குச்சி குறைந்தாலும் பெட்டியின் கனத்தை வைத்தே சொல்லிவிடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே கவலைதான். அவர்கள் இருந்தது ஆலயத்து வீடு. கோயில்குட்டிக்கு அறுபது வயதானால் வீட்டைக் காலி செய்து அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். இஸ்ரவேலுக்கு ஐம்பத்தேழு முடிந்துவிட்டது.

ஜெயஷீலாவின் அப்பாவுக்கு எப்போதும்வென்றான் கிராமத்தில் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. சோலார் கம்பெனிக்காரர்கள் அதை வாங்கியதில் அவள் பங்காக இரண்டு லட்சம் வந்தது. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்றரை சென்ட் இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். அதன் விலை நாலு லட்சம். இடத்துக்காரர் நல்லவர், மூன்று வருடம் பொறுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே இஸ்ரவேல் தினமும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டது சுருக்கமான ஒரு கணக்குத்தான். மூன்று வருடத்தில் இரண்டு நாலாக வேண்டும்.

அந்த ஜெபத்துக்குப் பதில்போலத்தான் சக்திகுமார் வந்து சேர்ந்தான்.

சக்திகுமார் முதலில் இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது ஒரு செல்போன் கடை மாடியில் அறை எடுத்து மியூச்சுவல் ஃபண்டு விற்கிறான். நல்ல பையன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கோவில்பட்டி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் வேறு யாரும் கிடையாது. அவன் தினமும் காலையில் சாப்பிடுவது செல்வமாரியின் இட்லிக்கடையில். தெருவில் நடக்கிற எதுவும் அங்கேதான் தொடங்கும். இதுவும் அங்கேதான் தொடங்கியது.

"புதுசா ஒரு வகை நிதி வந்திருக்கு அக்கா," என்றான் சக்திகுமார். "பங்கு வெல ஏறும்னும் கட்டுவாங்க, எறங்கும்னும் கட்டுவாங்க. ரெண்டு பக்கமும் சம்பாதிக்கலாம்."

பசுவந்தனையிலிருந்து உரம் வாங்க வந்திருந்த சுந்தரபாண்டியன் இட்லியைப் பாதியில் நிறுத்தினார். மானாவாரி வெள்ளாமைக்காரர். "மழ பேஞ்சாலும் வெளையும், பேயாட்டாலும் வெளையும்ங்கியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணாச்சி."

"ஏலே, அப்படி ஒரு வெத இருந்தா எனக்கு ஒரு மூட குடேன்."

"மூணு வருசத்துல ரெண்டு மடங்கு ஆகலாம்," என்றான் சக்திகுமார். "ஆகலாம்னுதான் நான் சொல்லணும். ஆகும்னு சொன்னா என் லைசென்ஸ் போயிரும்."

இஸ்ரவேல் அப்போது நாலு இட்லி பொட்டலம் வாங்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருடம், இரண்டு மடங்கு என்ற இரண்டு சொல்லும் அவர் காதில் ஆலயமணி மாதிரி விழுந்தன. அதற்கு நடுவில் இருந்த 'ஆகலாம்' விழவில்லை.

"ஆனா நமக்கெல்லாம் அது கெடையாது," என்று சக்திகுமார் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "பத்து லட்சத்துக்குக் கொறஞ்சு அதுல சேர முடியாது. அரசாங்கத்துச் சட்டம். சின்ன ஆளுங்க மாட்டிக்கிட்டு அழக் கூடாதுன்னு வாசல்லயே குறுக்கக் கட்டைய போட்டுட்டாங்க."

செல்வமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. கரண்டியை ஓங்கிக்கொண்டு, "அப்போ பத்து லட்சம் வச்சிருக்கவனுக்குத்தான் புத்தி இருக்கு, இட்லி விக்கிறவளுக்குப் புத்தி இல்லன்னு அரசாங்கம் நெனைக்குதா?" என்று கேட்டாள்.

"புத்தியப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சேக் முகம்மது. மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். விளாத்திகுளம் வத்தல் முக்கால்வாசி அவர் தராசில் ஏறித்தான் வெளியூர் போகும். "பத்து போனா இன்னொரு பத்து அவன்கிட்ட இருக்கும்னு நெனைக்காங்க. நமக்குப் போனா போனதுதான். சட்டம் சரிதான்."

"நீங்க சேரப் போறீகளா பாய்?"

"எங்க மார்க்கத்துல இந்த மாதிரிக்கெல்லாம் எடமில்ல. ஆனா பேச எடம் இருக்கு, அதான் பேசுதேன்."

சுந்தரபாண்டியன் கையைக் கழுவிவிட்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். "பாய், நான் ஒண்ணு கேக்கேன். வருசா வருசம் புரட்டாசில, மழ வருமா வராதான்னு தெரியாம, காஞ்ச மண்ணுல உளுந்தையும் பாசியையும் வெதச்சுட்டு வானத்தப் பாத்து நிக்கேன். பத்து வருசத்துல ஆறு வருசம் வாய்ல மண்ணு. ஒரு அதிகாரியாச்சும் வந்து, யோவ் சுந்தரபாண்டியா, நட்டம் வந்தா நீ தாங்குவியா, இந்தா ஒரு ஃபாரம் நெரப்பிக் குடுத்துட்டு வெதைன்னு சொல்லியிருக்கானா? அங்கன என்ன தடுக்க ஆளில்ல. இங்கன மட்டும் என்ன திடீர்னு என் மேல பாசம்?"

சேக் முகம்மது டம்ளரைக் கீழே வைத்தார். இன்னொரு தேநீர் சொன்னார். கடைக்கு எப்போதாவது வருகிற ரேணுகாதேவி டீச்சர், அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவர், "நல்லாக் கேட்டீங்க," என்று மெதுவாகக் கைதட்டினார்.

செல்வமாரிதான் வழி கண்டுபிடித்தாள்.

அந்தத் தெருவில் பண்டிகை என்றால் பங்கு ஆடுதான். கிறிஸ்துமஸ் ஆனாலும் தீபாவளி ஆனாலும், பத்துப் பேர் காசு போட்டு ஒரு கிடாய் வாங்குவார்கள். அன்றைக்கு விடியற்காலையில் வெட்டிக் கூறு போட்டு, ஆளுக்கு ஒரு கூறு எடுத்துக்கொள்வார்கள். முழு ஆடு வாங்க வசதி இல்லாதவன் வீட்டிலும் குழம்பு கொதிக்கும். ஆடு அதுவரை யார் வீட்டில் நிற்கிறதோ அவருக்குத் தலை தனியாக உண்டு. பண்டிகைக்கு முன்னால் ஆடு செத்துப்போனால் நட்டமும் அவருக்குத்தான், ஏனென்றால் தீனி போட்டது அவர். இது எழுதப்படாத சட்டம். எழுதின சட்டம் எதையும்விட இது அங்கே செல்லும்.

"பத்து லட்சம் ஒரு ஆடு," என்றாள் செல்வமாரி. "பத்துக் கூறு. எங்கிட்ட மூணு கூறுக்கு இருக்கு. டீச்சர், நீங்க?"

ரேணுகாதேவி ஓய்வுப் பணத்தையும் சேமிப்பையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு மூன்று விரல் காட்டினார். சுந்தரபாண்டியன் ஆட்டுக்கிடைக் குட்டிகளை விற்ற பணம் இரண்டு லட்சம் என்றார். "ஆனா புரட்டாசிக்குள்ள கைக்கு வந்துரணும், வெதைக்கணும்லா."

எட்டுக் கூறு ஆகிவிட்டது. யாருடைய பெயரில் ஆட்டை நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. செல்வமாரி பெயரில் என்றால் சுந்தரபாண்டியன் ஒத்துக்கொள்ளவில்லை. சுந்தரபாண்டியன் பெயரில் என்றால் டீச்சர் தொண்டையைச் செருமினார். அப்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். வாசலில் இட்லிப் பொட்டலத்தோடு இஸ்ரவேல் நின்றார். ஜெயஷீலாவின் நிலப் பணம் இரண்டு லட்சம் தெருவுக்கே தெரியும்.

இஸ்ரவேலுக்கு ஒரு குறை உண்டு. பொய் சொல்ல வராது. இன்னொரு குறையும் உண்டு. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் வராது. இந்த இரண்டு குறையும் தனித்தனியாக இருந்தால் மனிதன் பிழைத்துக்கொள்வான். ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் கஷ்டம்தான்.

"ஷீலாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜெயஷீலா இட்லியைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "ரெண்டு நாலாகும்னு சொன்னானா?"

"ஆமாட்டி."

"ஆடு செத்துப்போச்சுன்னா?"

"என்னது?"

"பத்து லட்சம் அஞ்சு லட்சமாயிட்டா யாரு நட்டம்? அத அவியகிட்ட கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் நான் சொல்லுதேன்."

இஸ்ரவேல் போய் ஒவ்வொருவராகக் கேட்டார். செல்வமாரி, "நல்ல காரியம் பேசும்போது சாவப் பத்திப் பேசாதீங்க அண்ணாச்சி," என்றுவிட்டாள். ரேணுகாதேவி டீச்சர், "நீங்க ஜெபம் பண்ணுவீங்கள்லா, அந்தத் தைரியத்துலதான நாங்க போடுதோம்," என்றார். சுந்தரபாண்டியன் மட்டும் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். "ஆடு ஒம்ம தொழுவத்துலதான நிக்கப் போவுது வேய். அப்போ தலை ஒமக்கு. மத்ததும் ஒமக்குத்தான்."

இதை அப்படியே போய் ஜெயஷீலாவிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இஸ்ரவேல் பொய் சொல்லவில்லை. "எல்லாரும் நம்பிக்கையா இருக்காவ," என்றார். அதுவும் உண்மைதானே. அவர் கண்ணுக்கு முன்னால் அந்த ஒன்றரை சென்ட் இடம் நின்றது. அதில் ஜெயஷீலா ஒரு முருங்கை வைப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த நம்பிக்கையில் அவளும் தலையாட்டினாள்.

பணம் எல்லாம் இஸ்ரவேலின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அந்தக் கணக்கில் மாதம் ஒன்பதாயிரம் சம்பளம் வரும், ஒரு வாரத்தில் போகும். இப்போது பத்து லட்சம். அவர் பாஸ்புத்தகத்தில் பதிய நீட்டியபோது கவுண்டரில் இருந்த பெண் ஒருதரம் புத்தகத்தைப் பார்த்தாள், ஒருதரம் அவரைப் பார்த்தாள். பிறகு, "உக்காருங்க சார்," என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். கடனட்டை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வராமல் இஸ்ரவேல், "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்," என்று தப்பித்து வந்தார்.

சேதி சபைக்கும் போய்விட்டது. வங்கியில் இருந்து சபைக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த நாளே ஆலயப் பொருளாளர் வந்து, பீடத்துக்கு முன்னால் டைல்ஸ் போடுகிற செலவில் ஒரு பகுதியை இஸ்ரவேல் அண்ணாச்சி ஏற்றுக்கொண்டால் கல்லில் பெயர் வெட்டுவோம் என்றார். "கல்லுல நம்ம பேரா?" என்று இஸ்ரவேல் நடுங்கிப்போனார். கல்லில் பெயர் வெட்டி அவர் பார்த்ததெல்லாம் கல்லறைத் தோட்டத்தில்தான்.

பன்னிரண்டு நாள் அவர் பணக்காரராக இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் கணக்குத்தான் போட்டார். சுந்தரபாண்டியன் சொன்ன 'மத்ததும்' என்ற சொல் அவர் மார்பில் முள்ளுப்போல நின்றது. எட்டு லட்சம் பிறத்தியார் பணம். அதில் பாதி போனால்கூட, மாதம் ஒன்பதாயிரத்தில் அதை எந்தக் காலத்தில் கட்டுவது? கட்டாவிட்டால் தெருவில் எப்படி நடப்பது? இடம் வாங்குவது ஒரு பக்கம். நாளைக்கு யாராவது அவரிடம் ஒரு வீட்டுச் சாவியையாவது நம்பிக் கொடுப்பார்களா?

இந்த நினைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் மணியை அடிக்க வேண்டிய நேரத்தில், ஆராதனை தொடங்குகிற மூன்றாம் மணியை அடித்துவிட்டார். தெருவே பதறி ஓடி வந்தது. பாதிப் பேர் தலையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்கள். குருவானவர் ஒரு பக்கம் சவரம் செய்த முகத்தோடு அங்கியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். அந்த ஞாயிறு வந்த கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வந்ததில்லை.

அடுத்த புதன்கிழமை சக்திகுமாரின் மாடி அறையில் காரியம் முடிகிறதாக ஏற்பாடு. சென்னையில் இருந்து ஒரு அதிகாரி கம்ப்யூட்டரில் முகம் பார்த்துச் சில கேள்விகள் கேட்பார். சரியாகச் சொன்னால் பணம் போய்விடும். இஸ்ரவேல் மட்டும் வந்தால் போதும் என்று சக்திகுமார் தலைதலையாக அடித்துக்கொண்டான். பணம் போகிறதைக் கண்ணால் பார்க்காமல் எப்படி இருப்பது? எல்லாரும் வந்துவிட்டார்கள். செல்வமாரி இட்லிக்கடையை அரை மணிநேரம் சாத்திவிட்டு வந்தாள். சேக் முகம்மதுகூட, "எனக்குச் சம்பந்தமில்ல, சும்மா பாக்க வந்தேன்," என்று படியேறி வந்தார்.

"கேமராவுல யாரும் தெரியப்படாது," என்று சக்திகுமார் எல்லாரையும் மேசைக்கு மறைவில் தரையில் உட்கார வைத்தான். ரேணுகாதேவி டீச்சருக்கு முழங்கால் மடங்காது என்பதால் அவரை பீரோவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான்.

திரையில் ஒரு பெண் தோன்றினாள். சின்னவயசு, கண்ணாடி போட்டிருந்தாள். "வணக்கம் சார். பேரு சொல்லுங்க."

"இஸ்ரவேல், அம்மா."

"இந்த முதலீட்டில் ரிஸ்க் அதிகம், போட்ட பணமே போகலாம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா. பன்னெண்டு நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"உங்க முதலீடு பாதியாக் குறைஞ்சுட்டா என்ன செய்வீங்க? உடனே வித்துருவீங்களா, காத்திருப்பீங்களா, இல்ல இன்னும் பணம் போடுவீங்களா?"

"முழங்கால் போடுவேன்."

அந்தப் பெண் கண்ணாடியைச் சரிசெய்தாள். "சார், மூணுல ஒண்ணு சொல்லணும்."

சக்திகுமார் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டு விரலை ஆட்டினான். "ரெண்டாவது," என்றார் இஸ்ரவேல்.

"சரி. இந்தப் பணத்தை எத்தன வருசம் எடுக்காம வைக்க முடியும்?"

"மூணு வருசம்," என்றார் இஸ்ரவேல்.

"புரட்டாசி வரைக்கும்," என்று தரையில் இருந்து ஒரு குரல் கேட்டது. செல்வமாரி சுந்தரபாண்டியனின் வாயைப் பொத்தினாள்.

"யாரு சார் அது?"

"தெருவுல பேசுதாங்க மேடம்," என்றான் சக்திகுமார். மாடிக்கு எந்தத் தெருச் சத்தம் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கடைசிக் கேள்வி சார். இந்தப் பத்து லட்சமும் உங்க சொந்தப் பணமா? வேற யாரோட பணமும் இதுல இல்லையே?"

சக்திகுமார் தலையை மேலும் கீழும் ஆட்டினான். தரையில் இருந்து செல்வமாரி தலையை ஆட்டினாள். பீரோவோரம் டீச்சர் தலையை ஆட்டினார். எல்லாருடைய தலையும் ஆடுகிறபோது தன்னுடையது மட்டும் ஆடாமல் நிற்கிறதே என்று இஸ்ரவேலுக்கே வருத்தமாக இருந்தது. ஒரே ஒரு 'ஆமா'. அதைச் சொல்லிவிட்டால் ஒன்றரை சென்ட் இடத்துக்குப் பாதி வழி போனமாதிரி.

"எல்லாப் பணமும் ஆண்டவருடையதுதான் அம்மா," என்று சுற்றி வந்து பார்த்தார்.

"அது சரி சார். பூமியில யாரோடது?"

இஸ்ரவேல் கண்ணை மூடினார். பிறகு திறந்தார். "ரெண்டு கூறு என்னோடது அம்மா. மூணு கூறு செல்வமாரியோடது, இட்லிக்கட வச்சிருக்கா. மூணு கூறு ரேணுகாதேவி டீச்சருது."

அங்கன்வாடியில் முப்பது வருடம் பேர் கூப்பிட்டுப் பழகின டீச்சருக்குத் தன் பேர் கேட்டதும் ஒளிந்து நிற்க முடியவில்லை. பீரோவை விட்டு வெளியே வந்து, "வணக்கம் மேடம்," என்று கும்பிட்டார். அதைப் பார்த்ததும் இனி ஒளிந்து என்ன பிரயோசனம் என்று சுந்தரபாண்டியனும் எழுந்துவிட்டார். "ரெண்டு கூறு நம்மளது மேடம். புரட்டாசிக்கு எடுத்துக்கிடலாம்லா?" செல்வமாரியும் எழுந்தாள். கடைசியாக சேக் முகம்மது எழுந்து, "நான் இதுல கெடையாது," என்றார்.

திரையில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நட்டம் வந்தா, அது உங்கள்ல யாரோடது?"

மூன்று கைகள் ஒரே நேரத்தில் இஸ்ரவேலைக் காட்டின. பழக்கதோஷத்தில் சக்திகுமாரின் கையும் சேர்ந்து நாலாக நீண்டது.

"இதுக்குத்தாங்க ஐயா சட்டம்," என்றாள் அந்தப் பெண். முதல்தரமாக அவள் சார் என்று சொல்லவில்லை. "விண்ணப்பத்தை ரத்து செய்யறேன். பணத்த அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க." திரை கறுத்துப்போயிற்று.

அந்த மாடிப்படியில் இறங்கும்போது நடந்த பேச்சை முழுவதும் எழுத முடியாது. "ஒரு ஆமா சொன்னா வாய் வெந்தா போவும்?" என்று செல்வமாரி ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் கேட்டாள். "ஒம்ம பரலோகத்துக்கு நாங்க டிக்கெட் எடுக்கணுமா வேய்?" என்றார் சுந்தரபாண்டியன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, வணக்கம் சொன்னது அவரல்லவா. சக்திகுமார் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். இஸ்ரவேல் எல்லாருக்கும் பின்னால், சாவு ஊர்வலத்தில் நடக்கிற நடையில் வந்தார். வீட்டுக்குப் போனதும் ஜெயஷீலாவிடம் 'மத்ததும் ஒமக்குத்தான்' உட்பட ஒன்று விடாமல் சொன்னார்.

ஜெயஷீலா கேட்டுமுடித்தாள். அப்புறம், "ரெண்ட நாலாக்கப் போயி, இருக்கதையும் இல்லாம ஆக்கப் பாத்தீகளே," என்றாள். பாஸ்புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் இரண்டு லட்சத்தை அவளே போய் அஞ்சலகத்தில் போட்டாள். மூன்று வருடத்தில் அது நாலாகாது. அதற்கு அவள் தீப்பெட்டி ஆபீசில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். இடத்துக்காரரிடம் போய், ஒன்றரை வேண்டாம், ஒரு சென்ட் போதும் என்று பேசி முடித்ததும் அவள்தான். "முருங்கையத் தெருவுல வச்சுக்கிடுதேன்," என்றாள்.

வங்கியில் பணம் போனதும் சாரும் போய்விட்டது. பொருளாளர் டைல்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நிதி மூன்று மாதத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறிவிட்டது. அது ஏறுகிற ஒவ்வொரு வாரமும் சக்திகுமார் இட்லிக்கடையில் படித்துக் காட்டினான். "இன்னிக்கு அண்ணாச்சியோட ஒரு வார்த்தைக்கு எனக்கு முப்பத்தாறாயிரம்," என்று செல்வமாரி பெருமூச்சு விடுவாள். இஸ்ரவேல் இட்லி வாங்க அடுத்த தெருக் கடைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே இட்லி கல்லுப்போல இருந்தது, அதையும் ஒரு தண்டனையாக ஏற்றுக்கொண்டு தின்றார். தை மாதத்தில் அந்த நிதி ஏறினதையும் இறக்கி, அதற்குக் கீழேயும் கொஞ்சம் போனது. சக்திகுமார் படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டான். யாரும் கேட்கவும் இல்லை. இஸ்ரவேல் சொன்னது சரி என்றும் யாரும் சொல்லவில்லை. சேக் முகம்மது மட்டும், "சட்டம் சரின்னு நான் அப்பவே சொன்னேம்லா," என்றார். அதற்குச் சுந்தரபாண்டியன், "அப்போ என் வெதப்புக்கு ஒரு சட்டம் போடச் சொல்லும்," என்றார். அந்த வருடம் அவருக்கு உளுந்து நன்றாக விளைந்திருந்தது. ஆகவே சத்தமாகவே சொன்னார்.

மாசியில் சக்திகுமார் இன்னொரு நிதியைப் பற்றி வாயைத் திறந்தான். அதற்கும் பத்து லட்சம். மறுபடி கூறு பேசினார்கள். மறுபடி யார் பெயரில் என்ற கேள்வி வந்தது.

"நம்ம பணத்த ஏமாத்தாத ஆளா இருக்கணும்," என்றாள் செல்வமாரி. "ஆனா அதிகாரி கேட்டா கூசாம ஒரு பொய்ய மட்டும் சொல்லணும்."

மூன்று பேரும் அரை மணிநேரம் யோசித்தார்கள். பொய் சொல்லக்கூடிய ஆள் தெருவில் நிறைய இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லும்போதே டீச்சர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ஏமாற்றாத ஆள் என்று தேடினால் ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். அவரால்தான் போன காரியம் கெட்டது. பேச்சு அப்படியே ஆறிப்போனது.

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் செல்வமாரி ஆலயத்து வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலியை எடுத்து இஸ்ரவேல் கையில் வைத்தாள்.

"என் தம்பி திருப்பூர்லருந்து வந்திருக்கான் அண்ணாச்சி. கடன்காரப் பய, கண்ணுல பட்டா அடகு வச்சிருவான். ஒரு வாரம் வச்சிருங்க. அவன் வந்து, அக்கா சங்கிலி ஒங்ககிட்ட இருக்கான்னு கேட்டா, இல்லன்னு ஒரே ஒரு வார்த்த…"

அவள் நிறுத்தினாள். இஸ்ரவேலின் முகத்தைப் பார்த்தாள். சங்கிலியை அவர் கையில் இருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் வீடு வீடாகப் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். திரும்பி வந்து சங்கிலியை மறுபடி அவர் கையில் வைத்தாள்.

"கேட்டா இருக்குன்னே சொல்லித் தொலைங்க," என்றாள். "ஆனா குடுக்காதீங்க."

பொய் கலவாத அந்த வார்த்தை அவருக்கு வந்தது. "குடுக்க மாட்டேன் தங்கச்சி," என்றார் இஸ்ரவேல்.